நடுக்கம் தொடங்கும் முன்பே நோயைக் காட்டும் ஸ்கேன்கள்

பார்க்கின்சன் நோய் கையில் நடுக்கமாக வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மூளையில் தொடங்கிவிடுகிறது. நடுமூளையில் 'சப்ஸ்டான்ஷியா நைக்ரா' என்ற கருநிறப் பகுதி உள்ளது. அங்கிருக்கும் நரம்பணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரித்து, உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் ஸ்ட்ரையாட்டம் பகுதிக்கு அனுப்புகின்றன. இவை படிப்படியாக அழிவதே நோயின் அடிப்படை. எஞ்சிய அணுக்கள் கூடுதலாக உழைத்துக் குறையை ஈடுகட்டுவதால் நெடுநாள் எதுவும் வெளியே தெரியாது. விரல் நடுங்கி, நடை தளர்ந்து நோயாளி மருத்துவரிடம் வரும்போது, ஸ்ட்ரையாட்டத்தின் டோபமைனில் பாதிக்கு மேல் குறைந்திருக்கும்.

இந்த இழப்பு வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் பெரும்பாலும் தெரியாது. பக்கவாதம், கட்டி, மூளையில் நீர்த்தேக்கம் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்யவே அது எடுக்கப்படுகிறது. மூளையின் வடிவத்தைப் பார்த்தால் போதாது, டோபமைன் நரம்புகளின் செயலைப் பார்க்க வேண்டும். அதற்கான வழியை 1983இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். மூளையில் டோபமைனாக மாறும் டோபா என்ற பொருளில் ஃபுளோரின்-18 சேர்த்து உடலில் செலுத்தி, உயிருள்ள மனிதரின் மூளையில் டோபமைன் சேரும் இடத்தை பெட் ஸ்கேனில் படம்பிடித்தார்கள். ஆனால் ஃபுளோரின்-18இன் கதிரியக்கம் 110 நிமிடங்களில் பாதியாகிவிடும். அதைத் தயாரிக்க சைக்ளோட்ரான் கருவியும் தேவை. அதனால் இந்தச் சோதனை பெரிய மையங்களைத் தாண்டவில்லை.

அடுத்து வந்தது அயோஃப்ளூபேன் என்ற அயோடின்-123 மருந்து. 'டாட்ஸ்கேன்' என்ற பெயரில் 2000இல் ஐரோப்பாவும் 2011இல் அமெரிக்காவும் இதை அனுமதித்தன. டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் புரதங்கள் நரம்பு முனைகளில் உள்ளன. மருந்து அவற்றில்தான் போய் ஒட்டிக்கொள்கிறது. முனைகள் குறைந்த இடத்தில், ஸ்கேன் படத்தின் ஒளியும் மங்கும். இந்தியாவில் டெக்னீஷியம்-99எம் கொண்ட 'ட்ரோடாட்' மருந்தும் இதே வேலைக்குப் பயன்படுகிறது.

டாட்ஸ்கேன் எடுப்பவரின் தைராய்டு சுரப்பி கதிரியக்க அயோடினை உறிஞ்சாமலிருக்க முதலில் ஒரு மருந்து கொடுக்கிறார்கள். பிறகு ரத்தநாளத்தில் ஊசி போடுகிறார்கள். 3 முதல் 6 மணி நேரம் கழித்து, தலை அசையாமல் படுத்திருக்க, காமா கேமரா சுற்றிவந்து படமெடுக்கிறது. ஆரோக்கியமான மூளையில் இருபுறமும் காற்புள்ளி போன்ற இரு ஒளிப்பகுதிகள் தெரியும். பார்க்கின்சன் நோயில் முதலில் வால் மங்குகிறது, புள்ளி மட்டும் மிஞ்சுகிறது. வால் என்பது ஸ்ட்ரையாட்டத்தின் புட்டமென் பகுதி. வலக்கை அதிகம் நடுங்கினால், பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் கூடுதலாக மங்கியிருக்கும்.

கதிரியக்கம் இல்லாத முறைகளும் வளர்ந்துவருகின்றன. 3 டெஸ்லா, 7 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவிகளில் எடுக்கும் சிறப்புப் படத்தில், நலமானவரின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் தகைவிலான் குருவியின் பிளந்த வால் போன்ற வடிவம் தெரியும். நோயாளிகளிடம் அது மறைந்துவிடுகிறது. அப்பகுதிக்குக் கருநிறம் தரும் நியூரோமெலனின் குறைவதை மற்றொரு வகை எம்.ஆர்.ஐ. காட்டுகிறது.

படம் சொல்லும் விஷயத்துக்கு எல்லை உண்டு. டாட்ஸ்கேன் அளப்பது டோபமைன் நரம்பு முனைகளின் இழப்பை மட்டுமே. பரம்பரையாக வரும் சாதாரண நடுக்கத்தையும், சில மனநல மருந்துகளால் வரும் நடுக்கத்தையும் பார்க்கின்சனிலிருந்து பிரித்தறிய அது உதவும். ஆனால் பல உறுப்பு மண்டலச் சிதைவு நோயிலும் இதே இழப்பு ஏற்படுவதால், இரண்டையும் அதைக் கொண்டு பிரிக்க முடியாது. அங்கே இதயத்தின் நரம்புகளைக் காட்டும் எம்.ஐ.பி.ஜி. ஸ்கேன் துணைசெய்கிறது. பார்க்கின்சனில் அந்த நரம்புகள் நலிகின்றன, மற்றதில் பெரும்பாலும் நலிவதில்லை.

கனவில் நடப்பதை உறக்கத்திலேயே கைகால் வீசிச் செய்பவர்களுக்கும், மோப்பத்திறன் குறைந்தவர்களுக்கும் பின்னாளில் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு அதிகம். இவர்களில் பலரிடம் நடுக்கம் வரும் முன்பே ஸ்கேனில் ஒளி குறைந்திருப்பது தெரிகிறது. மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளை 2010இல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வு இத்தகையவர்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறது. அணுக்களின் அழிவை நிறுத்தும் மருந்து இன்னும் உறுதிப்படாததால், அறிகுறி இல்லாத எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்க மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. மருத்துவரின் நேரடிப் பரிசோதனையே நோயறிதலுக்கு இன்றும் அடித்தளம். அணுக்கள் போதுமான அளவு எஞ்சியிருக்கும்போதே புதிய மருந்துகளைச் சோதிக்கத் தகுந்தவர்களைக் கண்டறிவதுதான் முன்கூட்டி எடுக்கும் படங்களின் இன்றைய பெரும்பயன்.