சர்வீஸ் முடிந்ததும் ஏன் ரிப்பேர் ஆகிறது?

"மூணு மாசத்துக்கு ஒரு சர்வீஸ்" என்று அட்டவணை போட்டுவிட்டால் இயந்திரம் ஒழுங்காக ஓடும் என்றுதான் எல்லா ஆபீஸிலும் நம்புகிறோம்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவு, 50 மணி நேரப் பறத்தலுக்கு ஒருமுறை விமானங்களைப் பரிசோதித்தது. வாடிங்டன் என்ற உயிரியலாளரின் குழு பழுதுக் கணக்கை மணிவாரியாகப் போட்டுப் பார்த்தது. அடுத்த சர்வீஸ் நெருங்க நெருங்கப் பழுது கூடணும், இல்லையா? நேர்மாறு! சர்வீஸ் முடிந்த கையோடுதான் அதிகம், போகப்போகக் குறைந்தது. நல்லா ஓடுவதைக் கழற்றி மாட்டியதே கோளாறு. (டூவீலரை மெக்கானிக்கிடம் விட்டு எடுத்ததும் புதுசா ஒரு சத்தம் கேட்குமே, அதேதான்.)

1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸின் நௌலனும் ஹீப்பும் வெளியிட்ட அறிக்கைப்படி, விமான பாகங்களில் 11 சதவீதத்துக்குத்தான் வயது ஏற ஏறப் பழுது வாய்ப்பு தெளிவாகக் கூடியது. மீதி 89-ஐத் தேதி பார்த்துக் கழற்றிப் பயனில்லை.

அதுக்காக சர்வீஸே வேண்டாம்னு மேனேஜரிடம் போய்ச் சொல்லிடாதீங்க. பில்டர், பெல்ட், யுபிஎஸ் பேட்டரிக்குத் தேதி வேணும். மற்றதில் சூடு, அதிர்வு, சத்தத்தை ஓடும்போதே கவனித்து, மாறினால் மட்டும் திறக்கலாம். சும்மா நிற்கும் ஜெனரேட்டர் தனி ரகம்: கெட்டாலும் வெளியே தெரியாது, லோடு கொடுத்து ஓட்டித்தான் பார்க்கணும்.

சர்வீஸ் தேதிக்குப் பக்கத்திலேயே அடுத்த பழுதின் தேதியையும் எழுதி வைங்க. ஒரு வருஷத்தில் உங்க இயந்திரம் எந்த ரகம்னு தெரிஞ்சிடும்.