இடம் பிடிக்காத ஐந்து சொற்கள்

"அவலூர்பேட்டையில் பஸ் ஏறி, மேல்மலையனூர் போய், அங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டு, செஞ்சிக்கு வந்து, ராஜகிரி மேல் ஏறிப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பினேன்."

எங்கள் பக்கத்தில் யாரும் மூச்சு விடாமல் சொல்லக்கூடிய வாக்கியம் இது. ஏழு செயல்கள் இருக்கின்றன. அவற்றை இணைக்கத் தனிச்சொல் ஒன்றுகூட இல்லை. வினைமுற்று ஒன்றே ஒன்றுதான், 'திரும்பினேன்'. மற்ற ஆறும் வினையெச்சங்கள். ஏறியது யார், நேற்றா நாளையா என்பதெல்லாம் கடைசிச் சொல் வரும்வரை தொங்கலில் நிற்கும். 'திரும்பினேன்' என்று முடித்தால் எல்லாம் நடந்து முடிந்த கதை. 'திரும்பலாம்' என்று முடித்தால் அதே ஆறு வினையெச்சங்களும் அப்படியே நாளைய திட்டமாகிவிடும். தமிழில் இணைப்பு வேலை வினைச்சொல்லின் வாலிலேயே நடந்துவிடுகிறது.

இதே பயணத்தை நார்வேஜிய மொழியில் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே சுமக்க வேண்டும்: ஏறினேன், போனேன், கும்பிட்டேன், வந்தேன். அவற்றைக் கோக்கத் தனியாக ஒரு சொல்லும் வேண்டும். அந்த வேலைக்கு அவர்களிடம் முக்கியமாக ஐந்து சின்னச் சொற்கள் உள்ளன. ஓ (உம்), மென் (ஆனால்), எல்லெர் (அல்லது), ஃபொர் (ஏனென்றால்), ஸோ (அதனால்). முதல் சொல்லை எழுதும்போது கடைசியில் ஒரு 'க்' உண்டு. பேச்சில் அது பெரும்பாலும் காணாமல் போகும். ஐந்தையும் மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஐந்தாவது நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்; சென்னைப் பிள்ளைகள் வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்லும் அந்த 'ஸோ'வுக்கு இது நெருங்கிய உறவு.

விழுப்புரம் மாவட்டத்துக் கிராமத்துக்கும் நார்வேக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். இந்த ஐந்தும் டேனிஷ் மொழியிலும் கிட்டத்தட்ட இதே எழுத்தில் இருப்பவை. பக்கத்திலிருக்கும் திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளி என்ற பெயரைக் கேட்காதவர் இல்லை. 1814 வரை டென்மார்க்கும் நார்வேயும் ஒரே அரசருக்குக் கீழ் இருந்தன. 1620இல் தரங்கம்பாடியில் கால் ஊன்றியதும் அந்தக் கூட்டரசுதான். 1788 முதல் 1806 வரை தரங்கம்பாடியின் கவர்னராக இருந்த பீட்டர் ஆங்கர் நார்வேக்காரர். ஆக, இந்த 'ஓ'வும் 'மென்'னும் நம் கடற்கரையில் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஒலித்தவை.

போக்குவரத்து பிறகு எதிர்த்திசையில் திரும்பியது. 1956இல் நார்வே போய்ச் சேர்ந்த யாழ்ப்பாணத்து அந்தோனி ராஜேந்திரத்தை அங்கே குடியேறிய முதல் தமிழர் என்பார்கள். 1980களில் இலங்கைத் தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் போனார்கள். பலருக்கு வட கோடியிலுள்ள ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலை கிடைத்தது. வினையெச்சத்தில் யோசித்துப் பழகிய மூளையோடு இந்த ஐந்து சொற்களை எதிர்கொண்டவர்கள் அவர்கள்.

சிக்கல் சொற்களின் பொருளில் இல்லை, வாக்கியத்தில் இடம் எண்ணுவதில் இருக்கிறது. நார்வேஜிய வாக்கியத்தில் வினைச்சொல்லுக்கு இரண்டாவது சீட் ரிசர்வ் செய்யப்பட்டிருக்கிறது. "யெய் த்ரிக்கெர் தே" என்றால் நான் குடிக்கிறேன் டீ. 'இன்று' என்பதைக் குறிக்கும் 'இ தாக்' முதல் சீட்டில் வந்து உட்கார்ந்தால் 'நான்' எழுந்து பின்னால் போக வேண்டும்: "இ தாக் த்ரிக்கெர் யெய் தே." 'குடிக்கிறேன்' மட்டும் அசையாது. ஜெர்மன், டச்சு, சுவீடிஷ், டேனிஷ் எல்லாவற்றிலும் இதே சட்டம்தான். ஆங்கிலம் மட்டும் பெரும்பாலும் இதைத் தொலைத்துவிட்டது. நமக்கு வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்பது பழக்கம். அதை இரண்டாம் இடத்தில் ஆணியடித்து வைப்பதே ஒரு பயிற்சி.

இப்போது 'ஓ' வருகிறது. "யெய் த்ரிக்கெர் தே, ஓ ஹுன் த்ரிக்கெர் காஃபெ." நான் டீ குடிக்கிறேன், அவள் காப்பி குடிக்கிறாள். இரண்டாவது பாதியை எண்ணிப் பாருங்கள். 'ஓ' ஒன்று, 'ஹுன்' இரண்டு, 'த்ரிக்கெர்' மூன்று. சட்டம் உடைந்துவிட்டதா? இல்லை. 'ஓ' கணக்கில் வராது. பஸ்ஸில் கண்டக்டர் இருக்கிறார், அவர் இல்லாமல் வண்டி நகராது, ஆனால் சீட் கணக்கில் அவர் இல்லை. ஐந்து சொற்களும் அப்படித்தான். வாக்கியத்தை வரிசையான கட்டங்களாக வரைந்து காட்டியவர் டேனிஷ் இலக்கண அறிஞர் பால் டிடெரிக்சன். 1946இல் வந்த அவருடைய நூலின் வழியைத்தான் ஸ்காண்டிநேவிய இலக்கணங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. அந்தப் படத்திலும் இணைப்புச் சொல்லுக்குரிய இடம், எண்ணிக்கை தொடங்குவதற்கு முன்பே தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இது தெரியாமல் 'ஓ'வை முதல் சீட்டில் உட்கார வைத்து, விதிக்குப் பயந்து வினையை இரண்டாவதாக வைத்தால் என்ன ஆகும்? "ஓ த்ரிக்கெர் ஹுன் காஃபெ" என்று வரும். கேட்கிறவர் காதில் இது கேள்வியாக விழும்: "அவள் காப்பி குடிக்கிறாளா?" ஏனென்றால் முதல் சீட் காலியாக இருந்து வினை முன்னால் நின்றால் நார்வேஜிய மொழியில் அது கேள்வி. தமிழில் 'ஆ' என்ற ஓர் எழுத்து செய்யும் வேலையை அங்கே இடமாற்றம் செய்கிறது.

ஐந்தில் குறும்பு அதிகம் உள்ளது 'ஸோ'. அதற்கு இரண்டு வேடங்கள். "புஸ்ஸென் கொம் இக்கெ, ஸோ யெய் யிக் யெம்." பஸ் வரவில்லை, அதனால் நடந்தே வீட்டுக்குப் போனேன். இங்கே ஸோ கண்டக்டர். அதை விட்டுவிட்டு எண்ணினால் நான் ஒன்று, போனேன் இரண்டு. இன்னொன்றைப் பாருங்கள்: "யெய் த்ரக் தே, ஸோ யிக் யெய் யெம்." டீ குடித்தேன், பிறகு வீட்டுக்குப் போனேன். இதில் ஸோ பயணியாகி முதல் சீட்டில் உட்கார்ந்துவிட்டது. 'யெய்' வினைக்குப் பின்னால் தள்ளப்பட்டது. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, ஆனால் 'அதனால்' என்பதும் 'பிறகு' என்பதும் 'நான்' எங்கே நிற்கிறது என்பதை வைத்துப் பிரிகின்றன. காரணத்தையும் வரிசையையும் இவ்வளவு சிக்கனமாகப் பிரித்துக் காட்டும் ஏற்பாட்டை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

'ஃபொர்' என்பதற்கு ஓர் உறவுக்காரச் சொல் உண்டு, 'ஃபொர்தி'. இரண்டுக்கும் 'ஏனென்றால்' என்று அகராதி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் 'இல்லை' என்ற பொருளுடைய 'இக்கெ' சேர்ந்ததும் இரண்டும் தனித்தனி வழியில் போகின்றன. "ஃபொர் ஹன் ஏர் இக்கெ ஃப்ரிஸ்க்." "ஃபொர்தி ஹன் இக்கெ ஏர் ஃப்ரிஸ்க்." அவருக்கு உடம்பு சரியில்லை என்பதுதான் இரண்டிலும். ஃபொர்தி தன் பின்னால் வருவதைச் சார்பு வாக்கியமாக்கிவிடும். அங்கே 'இக்கெ' வினையைத் தாண்டி முன்னால் போய்விடும். ஃபொர் யாரையும் தொடாது; இருபுறமும் சுதந்திர வாக்கியங்கள். தொடக்கநிலை மாணவர்கள் 'ஃபொர்' பக்கம் சாய்வது நல்லது. இடம் மாற்றும் தலைவலி அதில் இல்லை.

மென், எல்லெர் இரண்டிலும் வம்பு குறைவு. மென்னுக்கு முன்னால் எழுத்தில் கமா போட வேண்டும். எல்லெர், நம் "டீயா காப்பியா?" என்பதில் இரண்டு 'ஆ' செய்வதை ஒற்றை ஆளாகச் செய்கிறது. "தே எல்லெர் காஃபெ?" அவ்வளவுதான்.

தமிழுக்கு இணைப்புச் சொல்லே கிடையாது என்று இதை வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது. நம்மிடம் 'உம்' இருக்கிறது. தொல்காப்பியத்தின் இடையியல் இந்த ஓர் இடைச்சொல்லுக்கு மட்டும் எட்டுப் பொருள் சொல்கிறது. எண்ணுதல் அவற்றில் ஒன்று. ஆடும் மாடும் என்று ஒவ்வொன்றின் முதுகிலும் ஏறி உட்காரும். வெற்றிலை பாக்கு என்று மறைந்தும் நிற்கும். ஆனால் வினைமுற்றின் மேல் அது ஏறாது. 'பாடினாளும் ஆடினாளும்' என்று யாரும் சொல்வதில்லை. 'பாடவும் ஆடவும் செய்தாள்' என்று சுற்றி வர வேண்டும். அதேசமயம் "பஸ் வந்தும் நிற்கவில்லை" என்னும்போது அந்த உம் 'ஆனால்' வேலையையும் பார்க்கிறது. அந்த 'ஆனால்' என்பதே 'ஆகு' என்ற வினையிலிருந்து பிறந்தது. 'ஏனென்றால்' உள்ளே 'என்று சொன்னால்' ஒளிந்திருக்கிறது. நம் இணைப்புச் சொற்களைச் சுரண்டினால் அடியில் வினைதான். இவ்வளவு வசதி இருக்க, அரசு அறிவிப்பு முதல் கல்யாணப் பத்திரிகை வரை 'மற்றும், மற்றும்' என்று ஏன் எழுதித் தள்ளுகிறார்களோ!

ஓர் இடத்தில் மட்டும் நார்வேஜியம் நம் பக்கம் வந்து நிற்கிறது. "யெய் சித்தெர் ஓ லேசெர்." சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உட்கார்கிறேன், படிக்கிறேன்'. கேட்பவருக்கோ இரண்டு செயல்கள் அல்ல, ஒன்றுதான்: படித்துக்கொண்டிருக்கிறேன். "ஹுன் ஸ்தோர் ஓ வெந்தெர்" என்றால் நின்றபடி காத்துக்கொண்டிருக்கிறாள். தொடர்ந்து நடக்கும் செயலைக் காட்ட அந்த மொழியின் வினைக்குத் தனி விகுதி கிடையாது. அதனால் உட்கார், நில், படு போன்ற உடல்நிலை வினை ஒன்றை முன்னால் வைத்து 'ஓ' போட்டு இணைக்கிறார்கள். 'உட்கார்ந்து படிக்கிறேன்' என்று வினையெச்சத்தில் நாம் சொல்வதை இணைப்புச் சொல்லால் சொல்கிறார்கள், அவ்வளவுதான். தமிழர்களுக்கு இந்த அமைப்பு வெகு சீக்கிரம் பிடிபடும்.

எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். 'ஓ' என்றே ஒலிக்கும் வேறொரு ஒற்றை எழுத்துச் சொல்லும் உண்டு; 'படிக்க முயல்கிறேன்' என்பதில் படிக்க என்பதற்கு முன்னால் அது வரும். இரண்டையும் மாற்றி எழுதுவது நார்வேயில் பிறந்தவர்களே பள்ளியிலும் பத்திரிகையிலும் செய்கிற பிழை. அதற்கு அங்கே ஆசிரியர்கள் சொல்லித்தரும் சோதனை எளிது. வாக்கியத்தை நேற்றைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டாவது வினையும் இறந்தகாலத்துக்கு மாறினால் அது இணைப்பு 'ஓ', 'க்' போட்டு எழுதலாம். மாறாமல் நின்றால் ஒற்றை எழுத்து.