கற்றுக்கொள்ளப் போன ஊர், கற்றுக்கொடுக்க வேண்டிய ஊர்!

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை. பட்டாசு ஆலைகள் நிறைந்த கரிசல் பூமி. இங்கே வைப்பாற்றங்கரையில் தமிழகத் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியபோது, குழிகளிலிருந்து சங்கு வளையல்கள் வந்தன. கண்ணாடி மணிகளும் சூதுபவள மணிகளும் வந்தன.

சங்கு கடலில் விளைவது. வெம்பக்கோட்டையில் கடல் இல்லை. சூதுபவளக் கல்லுக்குப் பேர் போனதோ குஜராத் பக்கம். வெளியூர்ச் சரக்கை வாங்கி, அதில் தங்கள் கைவேலையைக் காட்டி வாழ்ந்தவர்கள் இந்த மண்ணின் பழைய மனிதர்கள்.

கடந்த நூற்றாண்டில் பக்கத்து ஊரான சிவகாசியிலும் இதே கதைதான் நடந்தது.

கல்கத்தா பயணம்

வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்க்கும். இந்த நிலையில்தான் உறவினர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். வங்காளம் பேசும் ஊர். கடுகெண்ணெய் மணக்கும் சாப்பாடு. அங்கே தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1923-ல் ஊர் திரும்பி, சொந்தமாகத் தீப்பெட்டி தயாரிக்கத் தொடங்கினார்கள்.

தொழிலுக்கு ஜெர்மனியிலிருந்து இயந்திரங்கள் வந்தன. ஆனால், சிவகாசியை வளர்த்தது இயந்திரம் அல்ல. வேலைக்குக் காத்திருந்த கைகள் ஊரில் ஏராளம். குச்சியும் பெட்டியும் காய்வதற்கு வெயிலும் ஏராளம். எனவே, தொழில் கைவேலையாக மாறி வீடுவீடாகப் பரவியது. அந்தக் கைவேலைக்குள் ஒரு காலத்தில் பிள்ளைகளையும் இழுத்தது இந்தத் தொழிலின் கறை.

தீப்பெட்டி பட்டாசுக்கு வழிவிட்டது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்த பிறகு, உரிமம் பெற்ற ஆலைகள் எழுந்தன. லேபிள் அடிக்க வந்த அச்சுத்தொழிலோ காலண்டர், டைரி என்று தனியாகவே கிளை விட்டது.

கல்கத்தாவில் பார்த்ததை அப்படியே ஊரில் நட்டிருந்தால் இவ்வளவு தழைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். தொழிலின் சூட்சுமத்தை வாங்கிக்கொண்டு, செய்யும் முறையை ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டதே வெற்றியின் ரகசியம்.

இப்போது காட்சி மாறியிருக்கிறது

அன்று இங்கிருந்து வடக்கே போனார்கள். இன்று வட மாநில இளைஞர்கள் வேலை தேடி இங்கே வருகிறார்கள். பட்டாசு ஆலையில் மொழி புரியாமல் போவது சின்ன விஷயம் அல்ல. மருந்துக் கலவையில் கொஞ்சம் உராய்வு போதும், உயிர் போய்விடும். அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம், மருந்து எவ்வளவு வைக்கலாம், எது எதோடு சேரக்கூடாது என்பதெல்லாம் புதிதாக வந்தவருக்கும் தெளிவாகத் தெரிந்தாக வேண்டும்.

“புரிஞ்சுதா தம்பி?” என்று கேட்டால் புதியவர் தலையாட்டத்தான் செய்வார். புரியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம். “நீ ஒரு தடவை செஞ்சு காட்டு” என்று கேட்பதே சரியான முறை. எச்சரிக்கைப் பலகையில் தமிழோடு அவர் படிக்கும் எழுத்தும், படிக்கத் தெரியாதவருக்காக ஒரு படமும் இருக்கட்டும்.

வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு...

துபாயோ, சிங்கப்பூரோ, பெங்களூரோ... வேறு மண்ணில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

* மாணவராகப் போங்கள்: ஊரில் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், புது இடத்தில் முதல் சில மாதங்கள் கவனிப்பதற்கே.

* பத்து வார்த்தையாவது பழகுங்கள்: வணக்கம், நன்றி, நிறுத்து, ஆபத்து, புரியவில்லை... இதில் கடைசி வார்த்தை ரொம்ப முக்கியம்.

* தெரியாததைக் கேளுங்கள்: சில இடங்களில் மேலதிகாரியிடம் நேராகக் கேள்வி கேட்பது இயல்பு, சில இடங்களில் மரியாதைக் குறைவு. அங்கே மூத்த தொழிலாளி ஒருவரைத் தனியாகக் கேட்கலாம். கேட்காமல் மட்டும் இருக்கக் கூடாது.

* அளந்து எடுங்கள்: அங்கே பார்த்த எல்லாமே உசத்தி அல்ல, நம் ஊர் வழக்கம் எல்லாமே மட்டமும் அல்ல. எது எங்கே பொருந்தும் என்று யோசிக்கப் பழகுவதுதான் உண்மையான வளர்ச்சி.

மொழி தெரியாத ஊரில் யாரோ ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததால்தான் சிவகாசியின் முதல் தீக்குச்சி பற்றியது. அந்தக் கடனைக் கல்கத்தாவுக்குப் போய்த் தீர்க்க வேண்டியதில்லை. நாளைக் காலையில் ஆலை வாசலில் பையோடு தயங்கி நிற்கும் அந்த வெளியூர்ப் பையனிடமே தீர்த்துவிடலாம்.