எஞ்சின் விளக்கு எரிந்தது, பழுது எஞ்சினில் இல்லை

பெங்காலான் வெல்ட்டில், பெர்ரித் துறையைத் தாண்டியதும் வரும் சிவப்பு விளக்கில் நின்றிருந்தேன். குறுக்கே வந்த ஒரு சைக்கிளுக்காகப் பிரேக்கை மிதித்தபடி ஹார்னை அழுத்தினேன். மீட்டரில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தது. அதோடு வண்டியும் அணைந்துவிட்டது. பச்சை விழுந்தும் என் கப்சாய் நகரவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரர் பொறுமைசாலி. அவர் அவசரக்காரராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

நான் பொலிடெக்னிக் மாணவன். பகலில் வகுப்பு, இரவில் ஜார்ஜ்டவுனில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. வண்டி நின்றால் வருமானமும் நின்றுவிடும். அந்த மாதம் மட்டும் ஐந்து முறை இப்படி நடந்தது. முதலில் போன பட்டறையில் புது பேட்டரி போட்டார்கள். மாற்றம் எதுவும் இல்லை. இரண்டாவது பட்டறையில், “இசியு போயிருச்சு, ஐந்நூறு ரிங்கிட்டுக்கு மேல ஆகும்” என்றார்கள். இசியு என்பது எரிபொருளையும் தீப்பொறியையும் கட்டுப்படுத்தும் சிறு கணினி. ஐந்நூறு ரிங்கிட் என்பது அம்மா என் அடுத்த தவணைக்கென எடுத்து வைத்திருந்த பணம்.

ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனேன். வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, லைட் எரிஞ்சிக்கிட்டே இருக்கா, மின்னுதா, இல்ல எரிஞ்சி அணைஞ்சிடுதா?”

நான் அதைக் கவனித்ததே இல்லை.

சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு ஓரிரு நொடி எரிந்து அணைய வேண்டும். அதுதான் சரியான நிலை. (பழைய வண்டி வாங்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள். சாவியைத் திருப்பியும் விளக்கு எரியவே இல்லை என்றால், யாரோ அதைக் கழற்றி வைத்திருக்கலாம்.) பழுதைக் கண்டுபிடித்துவிட்டால் பல வண்டிகளில் விளக்கு மின்னி எண் சொல்லும். ஹோண்டாவின் இன்ஜெக்டர் வண்டிகளில் நீண்ட மின்னலுக்கு 10, குறுகிய மின்னலுக்கு 1. நீண்டது இரண்டும் குறுகியது ஒன்றும் வந்தால் 21, அதாவது ஆக்சிஜன் உணரி. ஆனால் 1, 8, 9 ஆகிய மூன்று எண்களும் ஒன்றாக வந்தால் மூன்று உணரிகளையும் வாங்க ஓடாதீர்கள். பல சிறு வண்டிகளில் அந்த மூன்றும் ஒரே இணைப்பியில், ஒரே எர்த் கம்பியில் இருக்கின்றன. மூன்றும் ஒரே நாளில் கெட்டுப்போவதைவிட அந்த ஒரு கம்பி விட்டுப்போயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

என் வண்டியில் எந்த எண்ணும் பதிவாகவில்லை. அங்கிளுக்கு அதுவே துப்பு ஆனது. இசியு எந்தப் பழுதையும் காணவில்லை. ஆனாலும் விளக்கு எரிந்து அணைகிறது. அப்படியானால், சாவியைத் திருப்பியபோது நடப்பதுபோல் இசியு புதிதாக விழித்துக்கொள்கிறது. ஓடும்போதே அதற்கு மின்சாரம் போய்ப் போய் வருகிறது.

பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் பேட்டரிக்கே திரும்ப வேண்டும் என்று படித்திருக்கிறோம். மோட்டார்சைக்கிளில் அந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறார்கள். ஹோண்டாவில் பச்சை வயர், யமஹாவில் கறுப்பு வயர். அவற்றோடு வண்டியின் சட்டமும் எஞ்சின் உடலும் சேர்ந்துகொள்கின்றன. 1958-இல் லோ பூன் சியூ ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டுவந்த பிறகு, பினாங்கில் ஹோண்டா கப் வண்டிக்கே ‘பூன் சியூ’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் காலத்து வண்டி பேட்டரியே இல்லாமலும் ஓடும். எர்த் கெட்டால் விளக்கு மங்கும், அவ்வளவுதான். இன்ஜெக்டர் வண்டி அப்படி ஓடாது. அதன் இசியுவுக்கும் எரிபொருள் பம்புக்கும் முறையான மின்னழுத்தம் வேண்டும்.

நான் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் சட்டத்துக்கும் இடையே சோதித்தேன். ‘பீப்’ என்றது. “நல்லாத்தான் இருக்கு, அங்கிள்” என்றேன். அவர் சிரித்தார். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். ஒற்றை இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது ‘பீப்’ சொல்லிவிடும். பாரம் ஏற்றினால்தான் உண்மை தெரியும்.

மீட்டரை டிசி வோல்ட்டுக்கு மாற்றி, அதே இரு இடங்களில் கம்பிகளை வைத்தோம். எஞ்சினை இயக்காமல் சாவியைத் திருப்பி, முன்விளக்கு, பிரேக் விளக்கு, ஹார்ன், நான் கூடுதலாக மாட்டிய இரண்டு எல்இடி விளக்குகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டோம். மீட்டர் 4.0 வோல்ட் காட்டியது. நல்ல எர்த்தில் அது 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. பேட்டரி முனைகளில் 11.9 இருந்தது. திரும்பும் வழியிலேயே 4 வோல்ட் தொலைந்ததால் இசியுவுக்குக் கிடைத்தது 8-க்கும் குறைவு.

கணக்கு நம் இயற்பியல் பாடத்தில் உள்ள ஓம் விதிதான். மின்னோட்டம் சுமார் 10 ஆம்பியர், இழப்பு 4 வோல்ட், ஆகவே மின்தடை 0.4 ஓம். மலிவு மீட்டரின் கம்பிகளுக்கே ஏறக்குறைய அவ்வளவு மின்தடை இருக்கும். ‘பீப்’ ஏன் என்னை ஏமாற்றியது என்று அப்போதுதான் புரிந்தது.

இருக்கைக்கு அடியில் எர்த் போல்ட்டைக் கழற்றியதும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று மாதத்துக்கு முன் சட்டத்துக்குக் கறுப்பு ஸ்ப்ரே அடித்தவன் நான்தான். எல்இடி விளக்கின் மெல்லிய வயரை அந்த போல்ட்டிலேயே, பெயிண்டின்மேல் வைத்து முறுக்கியவனும் நான்தான். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரை வழியாக மட்டும் மின்னோட்டம் திரும்பிக்கொண்டிருந்தது. கடற்காற்றும் மழையும் சேர்ந்து அந்த மரையிலும் துரு ஏற்றிவிட்டன. பேட்டரி மாற்றியவரையும் இசியுவைக் குறை சொன்னவரையும் ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றினோம். பாசிட்டிவ்வை முதலில் கழற்றினால் ஸ்பேனர் சட்டத்தில் பட்டு ஷார்ட் ஆகும். உப்புத்தாளால் பெயிண்டைத் தேய்த்து உலோகம் பளபளக்கச் செய்தோம். வயர் முனையையும் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்த்தபோது மீட்டரில் 0.08 வோல்ட். உப்புத்தாளுக்கு மூன்று ரிங்கிட் செலவு. அங்கிள் தேநீரோடு சரி என்றுவிட்டார்.

எல்இடி விளக்குகளுக்கு இப்போது தனி வயர், நேராக பேட்டரி நெகட்டிவ்வுக்கே போகிறது. அதன்பின் பெங்காலான் வெல்ட்டில் வண்டி நின்றதில்லை.

ஒரு வேலை மட்டும் பாக்கி. தம்பியின் வண்டிக்கும் இதே போல விளக்கு மாட்டிக் கொடுத்தவன் நான்தான். இந்தச் சனிக்கிழமை அதைக் கழற்ற வேண்டும்.