அடிசம் பங்களா ஒரே படத்தில்!

சகோதரிகளே! விடுமுறையில் குடும்பத்தோடு வான் பிடித்து ஹப்புத்தளைக்குப் போய் வருகிறீர்கள். எடுத்த படங்களில் என்ன இருக்கிறது? பிள்ளைகளின் முகம், மச்சியின் முகம், பின்னால் ஒரு துண்டுக் கற்சுவர். முழங்கால் வலியால் நமுனுகுலவிலேயே தங்கிவிட்ட உம்மா, "பங்களா எங்கே மகள்?" என்று கேட்டால் எதைக் காட்டுவீர்கள்?

ஊவா மாகாணத்தில் அரண்மனை என்று சொல்லத்தக்கது அடிசம் பங்களா. நமுனுகுலவிலிருந்து எல்ல, பண்டாரவளை வழியாகப் போகலாம். ஹப்புத்தளை நகரிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீற்றர். இதைக் கட்டியவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ். பிரித்தானியப் பிரதமராயிருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரர். 1887இல் தோட்டத்துறைக்கென இலங்கை வந்தவர், பின்னர் பெரிய வர்த்தக நிறுவனமொன்றின் தலைவரானார். கென்ட் பகுதியில் தாம் பிறந்த அடிசம் கிராமத்தின் பெயரை இட்டு, அப்பகுதியின் லீட்ஸ் கோட்டையின் சாயலில் 1931இல் இதைக் கட்டினார். 1960களில் பெனடிக்ட் சபைத் துறவிகளிடம் வந்து, இன்று அவர்களின் மடமாக விளங்குகிறது.

நீண்ட கட்டடம் ஒரு சட்டத்துக்குள் அடங்காது. பின்னால் போனால் வீடு சிறுத்துவிடும். இதற்குத்தான் பனோரமா. 1787இல் ரொபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் எடின்பரோ நகரைச் சுற்றுக் காட்சியாகத் தீட்டும் முறைக்கு உரிமம் பெற்றார். அந்த வித்தை இன்று உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கிறது.

எடுப்பது எப்படி?

போனை நிமிர்த்திப் பிடியுங்கள். கூரையும் புல்தரையும் சேர்ந்து விழும். இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். படம் முடியும் பக்கம் பார்த்துக் கால்களை ஊன்றி, இடுப்பை மட்டும் தொடங்கும் பக்கம் திருப்பி, அங்கிருந்து மெதுவாகத் திரும்பி வாருங்கள். கையை நீட்டி வீசினால் போன் இடம் மாறும். பக்கத்திலுள்ள செடியும் தூணும் இரட்டையாகத் தெரியும். திரையிலுள்ள அம்புக்குறி கோட்டை விட்டு விலகாதிருக்கட்டும்.

சுவருக்கு நேர் எதிரே மிக அருகில் நின்றால் நேரான சுவர் வில்லாக வளையும். நடுப்பகுதி உங்களுக்குக் கிட்ட, இரு முனைகளும் தூரம் என்பதே காரணம். சற்றுப் பின்வாங்கினால் வளைவு குறையும். ஓடித் திரியும் பிள்ளைக்கு இரண்டு தலை விழக்கூடும். அந்த அரை நிமிடம் மாத்திரம் பிடித்து நிறுத்துங்கள்! மூடுபனி இறங்கினால் எல்லாம் மறைந்துவிடும். ஆகவே காலையிலேயே போய்ச் சேருங்கள்.

அடுத்த படத்தில் இன்னும் கொஞ்சம் திரும்பி, மலைச் சரிவுகளையும் சேர்த்து எடுங்கள். இம்மலைகளின் தேயிலை வணிகம் தந்த செல்வத்தில் எழுந்த மாளிகை இது. கூடை சுமந்து கொழுந்து பறித்த பெண்களின் உழைப்பும் அதில் இருக்கிறது. விற்கும் படங்களில் மாளிகை மட்டுமே நிற்கும். உங்கள் படத்தில் மலையும் நிற்கட்டும்.

ஒரு வேண்டுகோள்

சாதாரணப் படத்தில் யார் விழுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பனோரமாவிலோ கமரா சுற்றி வரும்போது, புல்தரையில் அமர்ந்து பிள்ளைக்குச் சோறூட்டும் முன்பின் தெரியாத பெண்ணும் அகப்பட்டுக்கொள்கிறாள். அவள் சம்மதம் கேட்கப்படவில்லை. படமோ மாலைக்குள் பத்து வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விடுகிறது. நம் மகளின் முகம் இப்படி ஊர் சுற்றுவதை நாம் விரும்புவோமா? ஆட்கள் விலகும்வரை பொறுத்திருங்கள். அல்லது அனுப்புமுன் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

அது துறவிகள் வணங்கி வாழும் இடம் என்பதையும் மறக்க வேண்டாம். திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துச் செல்லுங்கள். உள்ளே படமெடுக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் போனைப் பையில் வைத்துவிட்டு, பர்மாத் தேக்கில் இழைத்த வேலைப்பாட்டைக் கண்ணாரப் பார்த்து வாருங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு வாயாலும் சொல்லலாமே!