பொய் சொல்லும் ஏரி. மெய் சொல்லும் இலை!

நேற்றுப் பறித்த நீர்ப்பாசிக்கு வயது ஆயிரம் ஆண்டு என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் சுண்ணாம்புப் பாறை சூழ்ந்த ஏரிகளில் விஞ்ஞானிகளின் கணக்கு இப்படியும் தவறுவது உண்டு!

அமெரிக்க விஞ்ஞானி லிப்பிக்கு 1960-ல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது 'ரேடியோ கார்பன்' முறை. செடிகள் காற்றிலிருந்து இந்தக் கார்பனைச் சிறிதளவு பெறுகின்றன. உயிர் போனபின் அது 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். மிச்சத்தை அளந்தால் வயது தெரியும்.

ஏரியில்தான் வருகிறது வில்லங்கம். நீரில் கரைந்த பழம் சுண்ணாம்பில் ரேடியோ கார்பன் துளியும் இல்லை. அதை உண்டு வளரும் பாசி, பிறக்கும்போதே கிழமாகிவிடுகிறது! ஆறு அடித்துவரும் பழைய மண்ணும் கணக்கைக் குழப்பும்.

இதற்கு வழிகாட்டியது ஜப்பானின் சுய்கெட்சு ஏரி. அதன் அடிச் சேற்றின் பெரும்பகுதியில், ஆண்டுக்கு ஒரு ஜோடியாக வெளிர் அடுக்கும் கரிய அடுக்கும் படிந்துள்ளன. இடையிடையே கரையோர மரங்களின் இலைகள். காற்றில் வளர்ந்த இலைக்குச் சுண்ணாம்பின் கலப்பு இல்லை. அடுக்கை எண்ணி, இலையை அளந்து, இரண்டையும் ஒத்துப் பார்க்கலாம் அல்லவா?

1993-ல் ஒரே துளையில் எடுத்த சேற்றுத் துண்டுகளுக்கிடையே சிறிது விட்டுப்போயிற்று, எண்ணிக்கை பிசகியது. ஆராய்ச்சியாளர்கள் சோர்ந்துவிடவில்லை. 2006-ல் நான்கு துளைகள் இட்டு, ஒன்றில் விடுபட்டதை மற்றொன்றால் நிரப்பினர். 2012-ல் சுமார் 52,800 ஆண்டுக் கணக்கு வெளியாயிற்று.

இன்று பழம்பொருள்களின் வயதைத் திருத்த உதவும் உலக அட்டவணைக்கு, அந்த உதிர்ந்த இலைகளும் சாட்சி!