கட்டியைத் தேடிச் செல்லும் கதிரியக்க மருந்து: கொண்டு சேர்ப்பதே பெரும் சவால்

திருவனந்தபுரம்: புற்றுநோய்க்கான கதிரியக்க மருந்து உடலுக்குள் செலுத்தப்பட்டபின் எங்கு சென்று தங்குகிறது என்பதே அச்சிகிச்சையின் பலனைத் தீர்மானிக்கிறது. கட்டியை அடையாத மருந்து, சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை போன்ற நலமான உறுப்புகளைப் பாதிக்கக்கூடும்.

இயற்கை அமைத்த வழி

தைராய்டு செல்கள் இரத்தத்திலுள்ள அயோடினைத் தாமாகவே ஈர்த்துக்கொள்பவை. ஆகவே, தைராய்டு புற்றுநோய்க்கு அளிக்கப்படும் கதிரியக்க அயோடின்-131, தனியாக வேறு துணையின்றி இலக்கை அடைகிறது. 1981-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலும் இச்சிகிச்சை வழங்கப்படுகிறது.

பிற புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றுக்கு இத்தகைய வழி இல்லை. எனவே, புற்றுச்செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியைக் கண்டறிந்து பற்றிக்கொள்ளும் மூலக்கூறு ஒன்றுடன் கதிரியக்க அணு இணைக்கப்படுகிறது. அந்த அணு வழியில் கழன்றுவிடாமல், கூண்டு போன்ற வேதிச்சேர்மம் ஒன்று அதனைப் பிடித்து வைக்கிறது.

இவ்வகையில் அதிகம் பயன்படும் லுட்டீசியம்-177 வெளியிடும் பீட்டா துகள்கள், திசுவில் அதிகபட்சம் சுமார் 2 மில்லிமீட்டர் வரையே ஊடுருவும். இம்மருந்தைப் பெற்ற நடுக்குடல் நரம்பு-நாளமில்லாச் சுரப்பிக் கட்டி நோயாளிகளில் 65.2 சதவீதத்தினருக்கு 20 மாதங்கள் வரை நோய் முற்றவில்லை என்றும், ஒப்பீட்டுக் குழுவில் இது 10.8 சதவீதம் மட்டுமே என்றும் 2017-இல் வெளியான 'நெட்டர்-1' ஆய்வு தெரிவித்தது.

தடைகளும் தீர்வுகளும்

சிறுநீரகம் இம்மருந்தை வடிகட்டியபின் ஒரு பகுதியை மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. இதனைக் குறைக்க லைசின், அர்ஜினின் ஆகிய அமினோ அமிலங்கள் உடன் செலுத்தப்படுகின்றன. புராஸ்டேட் புற்றுநோய்க்கான மருந்தோ உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் சேர்வதால், சிலருக்கு வாய் வறட்சி ஏற்படுகிறது.

மருந்தை இரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்துடன் பிணைத்து, கட்டியை அடைய அதற்குக் கூடுதல் அவகாசம் அளிக்கும் முயற்சி நடைபெறுகிறது. எனினும், இரத்தத்தில் நெடுநேரம் தங்கினால் எலும்பு மஜ்ஜை பெறும் கதிர்வீச்சும் கூடும். மற்றொரு முறையில், கதிரியக்கமற்ற எதிர்ப்பொருள் முதலில் கட்டியில் சேர்க்கப்படுகிறது; எஞ்சியது இரத்தத்திலிருந்து நீங்கியபின், அதனைப் பற்றிக்கொள்ளும் சிறிய கதிரியக்க மூலக்கூறு செலுத்தப்படுகிறது.

கல்லீரல் கட்டிகள் பெரும்பாலும் கல்லீரல் தமனி வழியாகவே இரத்தம் பெறுகின்றன. நலமான திசுவுக்கு முதன்மையாகப் போர்ட்டல் சிரை இரத்தம் அளிக்கிறது. இவ்வேறுபாட்டைப் பயன்படுத்தி, யிட்ரியம்-90 கொண்ட நுண்ணிய கண்ணாடிக் கோளங்கள் தமனி வழியே செலுத்தப்படுகின்றன.

காலத்துடன் போட்டி

இந்தியாவில் லுட்டீசியம்-177, மும்பை டிராம்பேயிலுள்ள துருவா அணு உலையில் தயாரிக்கப்படுகிறது. அதன் கதிரியக்கம் சுமார் 6.7 நாட்களில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், தயாரிப்பு, போக்குவரத்து, நோயாளியின் வருகை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைய வேண்டும்.

சிகிச்சைக்கு முன், அதே ஏற்பியைப் பற்றும் மூலக்கூறுடன் கேலியம்-68 இணைக்கப்பட்டு பெட் ஸ்கேன் எடுக்கப்படுகிறது. அதில் கட்டி தெளிவாகத் தென்படாவிடில், சிகிச்சை மருந்தும் அங்கு போதிய அளவில் சென்று சேராது. எனவே, இச்சிகிச்சை யாருக்குப் பொருந்தும் என்பதை முடிவு செய்வதில் இந்த ஸ்கேன் முக்கியப் பங்கு வகிக்கிறது.